மூன்று குணங்களில் அகப்படாத நீர்



எங்கள் மதரஸாவின் முற்றத்தில், வேப்பமரத்தை ஒட்டி ஓர் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அதன் மேடையில் ஒரு கருங்கல் பதிக்கப்பட்டுள்ளது. ஊர்ப் பெரியவர் ஒருவர், மறைந்த தம் தந்தையாரின் மறுமை நன்மையை நாடி அக்கிணற்றை அமைத்துக் கொடுத்தார் என்ற செய்தி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அந்த நீரையே நாங்கள் குடித்தோம், அதிலேயே சமைத்தோம், அதிலேயே உளூச் செய்தோம். விடுதியில் தங்கிக் குர்ஆனை மனனம் செய்யும் அறுபது பிள்ளைகளுக்கும் அதுவே நீர். சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் அதைக் குடிப்பதை நிறுத்தினோம். நிறுத்தியாக வேண்டும் என்பது எனக்கு அதற்கும் நான்கு மாதங்களுக்கு முன்பே தெரியும். அந்த நான்கு மாதங்களைப் பற்றி எழுதத்தான் அமர்ந்தேன். ஆனால் நீரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல இயலாது.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில், வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் இடைப்பட்ட ஊர்களுள் ஒன்று. இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. இங்கே பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், கல்லூரிகள், ஏழைக் குமர்களின் திருமணங்கள் என எதை எடுத்துக்கொண்டாலும் அதன் பின்னால் தோல் இருக்கும். என் அத்தா முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு டேனரியின் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார்கள். விரலிடுக்குகளில் ஆறாத வெடிப்புகளோடுதான் அவர்களின் கைகளை நான் அறிவேன். அந்தக் கூலியில்தான் நான் ஓதினேன். ஆகையால் இக்கட்டுரையைத் தோல் தொழிலுக்கு எதிரான வழக்குரையாக யாரும் வாசிக்க வேண்டாம். அந்தத் தொழிலின் சோற்றை உண்டு வளர்ந்தவன் எழுதுவதாகவே வாசியுங்கள்.

அத்தாவின் தலைமுறைக்கு முந்தியவர்கள் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்டார்கள். ஒரு தோல் முடிவதற்கு ஒரு மாதத்திற்கு மேலும் ஆகும். 1970களில் கச்சாத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாக முடித்த தோலுக்கு ஊக்கம் கிடைத்தது. அதனோடு குரோமியம் உப்பால் பதனிடும் முறை வேகமாகப் பரவியது. டிரம்மில் போட்டுச் சுழற்றினால் ஒரே நாளில் தோல் பதமாகிவிடும். மெல்லிய நீல நிறத்தில் வெளிவரும் அதை வெட்புளூ என்பார்கள். ஒரு கிலோ தோலுக்கு முப்பத்தைந்து லிட்டர் வரை நீர் செலவாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த நீர் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. நெடுங்காலம் அது ஓடைக்கும், ஏரிக்கும், ஆற்றுக்கும் போயிற்று.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வை எடுத்துக்காட்டிய தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்கு நம் பாலாறுதான் ஒரு காரணம். அப்போது நான் ஓதும் மாணவன். டேனரிகள் மூடப்படப் போகின்றன என்று ஊரே கலங்கி நின்றது. பள்ளிவாசல்களில் துஆ செய்தார்கள். நானும் ஆமீன் சொன்னேன். நீருக்காக எவரும் துஆ செய்ததாக எனக்கு நினைவில்லை. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பெற்றன, விதிகள் கடுமையாயின. ஆனாலும் பாதிக்கப்பட்டோருக்குரிய இழப்பீடு பற்றி 2025 ஜனவரியிலும் அதே உச்ச நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது.

இனி மதரஸாவுக்கு வருகிறேன். ஃபிக்ஹ் பாடத்தில் முதலில் வருவது நீர். இயல்பான நீர் தானும் தூயது, பிறவற்றையும் தூய்மையாக்கவல்லது. அசுத்தம் கலந்து அதன் நிறம், மணம், சுவை ஆகிய மூன்று குணங்களுள் ஒன்று மாறிவிட்டால் அத்தகுதி போய்விடும். மதீனாவின் புளாஆ கிணற்றைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் தோழர்கள் கேட்ட கேள்வியும் அதையொட்டிப் பிற்கால அறிஞர்கள் நடத்திய விவாதங்களும் இவ்விடத்தில் வரும். சில பக்கங்கள் தள்ளி, பதனிட்ட தோல் தூய்மையாகிவிடும் என்ற சட்டம் வரும். எதைக்கொண்டு பதனிடுவது? கரள் எனும் மரத்தின் இலை, மாதுளைத் தோல் என்றெல்லாம் நூல்களில் இருக்கும். எங்கள் ஊரில் இந்தப் பாடத்தை நடத்துவது எளிது. பிள்ளைகளுக்கு மாதுளைத் தோல் தெரியாவிட்டாலும் டேனரியின் நாற்றம் தெரியும்.

பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் அன்று எழுந்து, "ஹஜ்ரத், தோலைச் சுத்தமாக்குற மருந்து தண்ணியில கலந்தா தண்ணி கெட்டுடுமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் புன்னகைத்தபடி, அந்த மருந்து நஜீஸ் அல்ல, மூன்று குணங்களும் மாறாதவரை உளூவுக்குத் தடையில்லை என்றேன். சட்டப்படி என் பதில் சரிதான். குடிக்கலாமா என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்களிடம் ஓதிவிட்டுப் பின்னர் கல்லூரியில் வேதியியல் முதுகலை படித்த பழைய மாணவர் ஒருவர் அந்த வாரம் வந்திருந்தார். மாணவனின் கேள்வியை வேடிக்கையாகத்தான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நம்ம போர்வெல் தண்ணியை எப்பவாவது டெஸ்ட் பண்ணீங்களா ஹஜ்ரத்?" என்றார். பண்ணியிருந்தோம். கிணறு தோண்டிய ஆண்டிலேயே சோதித்த அறிக்கை அலமாரியில் இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்தார். கார அமிலத் தன்மை, கரைந்த உப்பு, கடினத்தன்மை, கிருமி ஆகியவை இருந்தன. குரோமியம், ஆர்செனிக், ஈயம் ஆகியவற்றின் வரிசையே அதில் இல்லை.

இதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். சாதாரணமான குடிநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்தால் கன உலோகங்களைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவற்றை உலோகத்தின் பெயரைச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும், கட்டணமும் தனி. வடிகட்டும் இயந்திரம் விற்க வருபவர் பேனா போன்ற ஒரு கருவியை நீரில் முக்கி எண் காட்டுவாரே, அது கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தை மதிப்பிடுவது. நச்சு உலோகம் ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே தீங்கு என்னும்போது, நூற்றுக்கணக்கில் எண் காட்டும் அக்கருவி அதை எப்படிப் பிடிக்கும்?

அவர் மூன்று சீசாக்களில் நீர் எடுத்துச் சென்று சென்னையில் ஓர் ஆய்வகத்தில் கொடுத்தார். ரபீஉல் ஆகிர் மாதத்தில் முடிவு வந்தது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவும் அதுவே. எங்கள் கிணற்றில் அதைப்போல் இருமடங்குக்கும் சற்று மேல் இருந்தது.

குரோமியத்தில் இரண்டு நிலைகள் உண்டு என்று அவர் விளக்கினார். பதனிடப் பயன்படுவது மூன்றாம் இணைதிற வகை. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது, நச்சும் குறைவு. ஆனால் மண்ணில் மாங்கனீசு போன்றவற்றின் வினையால் அதில் ஒரு பகுதி ஆறாம் இணைதிற வகையாக மாறக்கூடும். அது நீரில் கரைந்து ஓடும். புற்றுநோயை உண்டாக்குவது என ஐயமின்றி வகைப்படுத்தப்பட்டது. காற்றின் வழியே சுவாசித்தால் நுரையீரலில் புற்று வரும் என்பது தொழிலாளர்களிடமே கண்டறியப்பட்டது. குடிநீர் வழியே செல்லும்போது இரைப்பையின் அமிலம் அதில் ஒரு பங்கை மீண்டும் தீங்கு குறைந்த வகையாக மாற்றிவிடும். மாறாமல் உள்ளே செல்வதுதான் நாளடைவில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வருத்தும். பெரியவரைவிடப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். உடல் எடைக்கு அவர்கள் குடிக்கும் நீரின் அளவு கூடுதல், குடிக்கப்போகும் ஆண்டுகளும் கூடுதல்.

"நம்ம தண்ணியைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்?" என்று கேட்டேன். எங்கள் மதரஸாவில் அது ஒரு பெருமை. பெரிய அண்டாவில் இரவே காய்ச்சி ஆறவைப்போம். காய்ச்சினால் கிருமி சாகும் ஹஜ்ரத், உலோகம் சாகாது என்றார் அவர். நீர் ஆவியாகப் போகப்போக மிச்சமுள்ளதில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யுமாம். ஒன்பது ஆண்டுகள் விறகு செலவழித்து நாங்கள் செய்த காரியம் அது.

நீரின் நிறம் மாறவில்லை. மணம் இல்லை. சுவையில் சற்று உப்பு. அதுவும் இந்தப் பகுதியில் எல்லாக் கிணற்றிலும் உள்ளதே. தோலைக் கெடாமல் வைக்க இடும் உப்புதான் இங்கே நிலத்தடி நீர் முழுதும் கலந்திருக்கிறது. உப்பு நாக்கில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ராணிப்பேட்டையில், 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்தவெளியில் குவித்துவிட்டுப் போயிற்று. 2006-ல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் அவ்வூர் இடம்பெற்றது. அந்தக் குவியலை ஒட்டிய நீர் மஞ்சளாகவே தெரியும். அப்படித் தெரிந்தாலாவது மனிதன் விலகுவான். எங்கள் அளவில் அது கண்ணாடிபோல் தெளிந்த நீர்.

அறிக்கையை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கிணறு கொடுத்த பெரியவர்தான் மதரஸாவின் நிர்வாகத்தில் முதன்மையானவர். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அவர் பொறுப்பு. ஆசிரியர்களின் ஊதியத்தில் பாதிக்கு மேல் அவர் கையிலிருந்து வருவது. அவருடைய தொழில் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய டேனரியிலிருந்துதான் இது வந்தது என்று அறிக்கை சொல்லவில்லை. அப்படி யாராலும் சொல்லவும் முடியாது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக எத்தனையோ இடங்களில் இறங்கிய கழிவு அது. இன்று ஒரு சொட்டுகூட வெளியே விடாத இடத்தின் அடிமண்ணிலும் பழையது தங்கியிருக்கும். ஆயினும் அவரிடம் போய் எப்படிச் சொல்வது? இன்னொரு முறை சோதித்துப் பார்ப்போம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஊரே இதைத்தானே குடிக்கிறது என்றும் சொல்லிக்கொண்டேன். பொறுமையின் சிறப்பைப் பற்றி அந்த மாதங்களில் இரண்டு ஜும்ஆ உரை நிகழ்த்தினேன்; யாருக்காக நிகழ்த்தினேன் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

அதனினும் மோசமானது ஒன்றைச் சொல்ல வேண்டும். அறிக்கை வந்த மறுவாரமே என் வீட்டில் கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கிவிட்டேன். மதரஸாவுக்கும் ஒரு பாட்டிலில் அதை எடுத்துச் சென்றேன். ஒருநாள் காலை என் மனைவி பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுக்கும்போது, "நீங்க மட்டும் இதைக் கொண்டு போறீங்களே, அங்க அந்தப் புள்ளைங்க எதைக் குடிக்குதுங்க?" என்றாள். நான் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினேன்.

வழக்கமாக ஸபக் கேட்கும்போது சிறுவன் ஒருவன் எனக்கு ஒரு தம்ளர் நீர் கொண்டுவந்து வைப்பான். ஒன்பது வயது, தாயில்லாத பிள்ளை. அவன் வைக்கும் தம்ளரை நான் தொடாமலே விட்டுவிடத் தொடங்கியிருந்தேன். ரஜப் மாதத்தின் இறுதியில் ஒருநாள், தொடாத தம்ளரை எடுத்துப்போக வந்தவன் என்னைப் பார்த்து, "ஹஜ்ரத், இன்னைக்கும் நோன்பா?" என்று கேட்டான். பிறகு வீணாக்கக் கூடாது என்று நான் கற்றுக்கொடுத்தபடியே, பிஸ்மில்லாஹ் சொல்லி அமர்ந்து, மூன்று மிடறாக அந்த நீரைத் தானே குடித்தான்.

அன்று அஸருக்குப் பின் பெரியவரின் வீட்டுக்குப் போனேன்.

போகும் வழியெல்லாம் பங்களாதேஷைப் பற்றி நினைத்துக்கொண்டு சென்றேன். அதைப் பற்றி அந்த நான்கு மாதங்களில் நிறைய வாசித்திருந்தேன். 1970கள் முதல் அங்கே குளத்து நீரால் வயிற்றுப்போக்கு வந்து பிள்ளைகள் மடிவதைத் தடுக்க, லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். பல சொந்தச் செலவில் இறக்கியவை. 1993-ல் அந்த நீரில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்தது. அது எவரும் கொட்டிய கழிவன்று. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணிலேயே இருந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடித்தன. உடலில் புள்ளிகள் தோன்றின. ஆண்டுகள் கழித்துத் தோலிலும் சிறுநீர்ப்பையிலும் நுரையீரலிலும் புற்று வந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்தார்கள். கெட்ட கிணற்றின் வாய்க்குச் சிவப்புச் சாயம், நல்லதற்குப் பச்சை. நன்மை நாடிச் செய்ததைச் சிவப்படிக்க வேண்டிய நிலை அவர்களுக்கும் வந்திருக்கிறது என்பது எனக்கு ஒருவகைத் துணையாக இருந்தது.

பெரியவர் அறிக்கையை இருமுறை படித்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எண்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நீண்ட நேரம் கழித்து, "அத்தாவுக்கு இந்த நன்மை போய்ச் சேந்துச்சா இல்லையா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார்.

அன்னையாரின் சார்பில் எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது நீரே என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தியையும், உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டதையும் கிணற்றுத் திறப்பு விழாவில் பேசியவன் நான்தான். அதே நாவால் இப்போது என்ன சொல்வது? செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை. தெரியாமல் இருந்த காலத்துக்கு உங்கள் எண்ணம் அல்லாஹ்விடம் வீணாகாது என்று நம்புகிறேன் என்றேன். தெரிந்த பிறகு திறந்து வைத்திருந்தால், பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்ற விதியின் கீழ் நாம் வந்துவிடுவோம் என்றேன். பிறகு, எனக்குத் தெரிந்து நான்கு மாதம் ஆகிறது என்பதையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் உரியவன்தான்.

ஷஅபான் முதல் வாரத்தில் ஆள் வந்து, கிணற்றிலிருந்து சமையலறைக்குப் போகும் குழாயைத் துண்டித்தார்கள். இப்போது அந்நீர் உளூவுக்கும் கழுவுவதற்கும் மட்டும். எங்கள் கிணற்றில் உள்ள அளவுக்கு, தோலில் படுவதால் வரும் தீங்கு குடிப்பதோடு ஒப்பிட மிகக் குறைவு என்று வேதியியல் மாணவர் சொன்னதால் அதை நிறுத்தவில்லை. வாய் கொப்பளிக்கும்போது விழுங்கிவிட வேண்டாம் என்று சிறுவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. பாலாற்றங்கரையில் அமர்ந்துகொண்டு, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில் வரும் நீரைக் குடிக்கிறோம். அது தினமும் வருவதில்லை. அதற்கென ஒரு பெரிய தொட்டியைப் பெரியவரே கட்டிக்கொடுத்தார். கோடையில் போதாத நாள்களுக்கு எதிர்ச்சவ்வூடு முறையில் வடிகட்டும் இயந்திரம் ஒன்றும் உண்டு. அது உலோகத்தைப் பெரிதும் பிரித்துவிடும், ஆனால் சவ்வைக் காலத்தில் மாற்றாவிட்டால் பெயருக்குத்தான் இயந்திரம். அது வெளியே தள்ளும் நீரில் உப்பும் உலோகமும் முன்னிலும் செறிந்திருக்கும். அந்த நீரும் கடைசியில் இதே மண்ணில்தான் இறங்குகிறது. இதற்கு எங்களிடம் இன்னும் வழியில்லை.

புதுத் தொட்டியில் கல் பதிக்க வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். பழைய கல்லை எடுத்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டார். இருக்கட்டும் என்றேன். குழாயின் வாய்க்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசினோம். தம்முடைய டேனரியைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்பது தெரியும். கேட்காத இந்த மாதங்களையும் நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரமளான் முடிந்ததும் மறுபடியும் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இம்முறை பள்ளிவாசல் கிணற்றிலிருந்தும், மதரஸாவைச் சுற்றியுள்ள தெருவில் கேட்ட ஏழு வீடுகளிலிருந்தும் சீசாக்கள் போகின்றன. அந்தத் தம்ளரைக் குடித்த சிறுவன்தான் சீசாக்களில் வீட்டு எண் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறான்.